கட்டின் நடுவில்

அந்தச் சலவைக்கூடத்தில் கருகிய விரிப்புக்கென்று ஓர் இடம் இருந்தது. கட்டின் நடு. கருகல் உள்பக்கம் போகும்படி மடித்து, மேலே நல்லதாக நாலு, கீழே நல்லதாக நாலு வைத்துக் கட்டிவிட்டால் தீர்ந்தது. ஆஸ்பத்திரியிலோ ஓட்டலிலோ யாரோ ஒருவர் பிரிக்கும்போது பார்த்துக்கொள்ளட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். விரிப்பில் என்றால் தாராளமாக மறைக்கலாம். வருஷக்கணக்காக அங்கே அப்படித்தான் நடந்தது.

அங்கே வேலை பார்த்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்போதிருந்த சூப்பர்வைசர் அப்படிப்பட்ட ஆள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஆளுக்கே விசில் என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு தலையணை உறையில் கறை மிச்சம் இருந்தால் போதும், ஊதுவார். மெஷின்கள் எல்லாம் நிற்கும். "யாரு?" என்று கேட்பார். பதில் வரும்வரை அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பக் கேட்பார். மாட்டிக்கொண்டவர் அழுக்கு மூட்டை நிறுக்கிற பெரிய தராசின் மேல் ஏறிச் சாப்பாட்டு நேரம் வரை நிற்க வேண்டும். தராசு முள் வேறு எடையைக் காட்டிக்கொண்டே இருக்கும். கொதிகலன்காரர் நல்ல பருமன். அவர் ஏறியபோது சிரித்தவர்கள் அடுத்த வாரமே தாங்களும் ஏறினார்கள்.

ரேடியோவும் ஏறியிருக்கிறாள். ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. காலையில் திறந்த வாயைத் தூங்கும்போதுதான் மூடுவாள், அதனால் வந்தது. உருளை மெஷினுக்கு விரிப்புக் கொடுப்பது அவள் வேலை. பாதி ஈரத்தோடு வருகிற விரிப்பின் ஒரு முனையை அவளும், மறுமுனையை ஒட்டகம் என்கிற உயரமான பெண்ணும் பிடித்து, விறைப்பாக இழுத்து, கொதிக்கிற உருளையின் வாயில் வைக்க வேண்டும். உருளை அதை உள்ளே இழுத்துத் தேய்த்து மறுபக்கம் தள்ளும். விரிப்பை விடுகிற கணம் தெரிய வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் கையும் கூடவே போகும். போனால் நிறுத்துவதற்கு மெஷின் ஓரத்தில் சிவப்புக் கைப்பிடி ஒன்று உண்டு. அந்தக் கைப்பிடி ரேடியோவின் சொந்த அண்ணன் கையில் இருந்தது. மெஷினை ஓட்டியவர் அவர்தான்.

அண்ணனின் மனைவிக்கு மடிப்பு மேசையில் வேலை. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்து ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக வருவார்கள். ரேடியோ நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் கூடத்துக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். கொதிகலன்காரருக்கு அவளைவிட வயது எவ்வளவோ கூட. அவரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்.

ஒருநாள் ஒரு பெரிய ஓட்டல்காரர்கள் போன லாரியை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு கருகல். முதலாளி அன்றைக்கே விசிலுக்குக் கணக்கு முடித்தார். போகும்போது விசிலை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார் அந்த மனிதர். யாரும் அதைத் தொடவில்லை. யாரைப் போடுவது என்று முதலாளி யோசித்து, அதட்டத் தெரியாதவள் என்று பெயர் எடுத்திருந்த அண்ணியைப் போட்டார்.

முதல் நாள் காலையில் அண்ணி யாரையும் கூப்பிடவில்லை. தானே போய்த் தராசில் ஏறி நின்றாள்.

"திரும்பி வந்த லாரியில பாதிக் கட்டு நான் கட்டினது. உள்ள கருகினது இருக்குன்னு தெரிஞ்சேதான் கட்டினேன்" என்றாள்.

 கொதிகலன் மட்டும் உஸ் உஸ் என்றது.

"இனிமே தெனமும் மெஷினைப் போடறதுக்கு முன்னாடி இந்த மேசைகிட்ட கூடுவோம். நேத்து பண்ண தப்பை நான் மொதல்ல சொல்லுவேன். அப்புறம் சொல்லணும்னு இருக்கறவங்க சொல்லலாம். யாருன்னு நான் கேக்க மாட்டேன். என்ன ஆச்சு, என்ன பண்ணலாம், இது ரெண்டுதான் கேப்பேன்."

"சொன்னா என்ன கெடைக்கும் அண்ணி? மெடலா?" என்றார் கொதிகலன்காரர்.

"ஒரு தட்டு."

"தலையிலயா?"

"மேசையில. எல்லாரும் ஒரு தட்டு தட்டுவோம். மன்னிச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல. காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதான், வேலையைப் பாக்கப் போயிடலாம்."

"இது எத்தனை நாளைக்குன்னு பாப்போம்" என்று ஒட்டகம் ரேடியோவின் காதில் சொன்னாள்.

முதல் வாரம் அண்ணி மட்டும்தான் சொன்னாள். சோப்புத்தூளை இருமுறை கொட்டினது, ஓட்டல் துண்டை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினது. மேசையைத் தட்டினார்கள், ஏதோ கூத்து பார்க்கிற மாதிரி. அப்புறம் ஒருநாள் கொதிகலன்காரர் தொண்டையைச் செருமினார். "நேத்து மத்தியானம் நான் தூங்கிட்டேன். நீராவி கொறைஞ்சதுக்கு அதான் காரணம். வால்வு மேல பழியைப் போட்டேன். பாவம் வால்வு." எல்லாரும் சிரித்தார்கள், தட்டினார்கள். அண்ணி, "என்ன பண்ணலாம்?" என்றாள். "சாப்பாட்டைக் கொறைக்கணும்" என்றார். "அது நடக்காது" என்று பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள். கடைசியில், சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் வேறொருவர் கொதிகலனைப் பார்த்துக்கொள்வது, அவர் துணி பிரிப்பது என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு நீராவி குறையவே இல்லை.

மழைக்காலம் வந்தது. உலர்த்துகிற அறையில் காற்று நனைந்த கம்பளி மாதிரி கனத்தது. வேலை இழுத்தது. ஆனாலும் சண்டை குறைந்திருந்தது. கருகிய விரிப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு அண்ணியிடம் நடந்து போனார்கள். அவள் அதைக் கிழித்துத் துடைக்கிற துணியாக்கினாள். ஒரு பெண் சொல்வதற்குத் தப்பு எதுவும் இல்லாமல் போய், இல்லாத தப்பை இட்டுக்கட்டிச் சொல்லி மாட்டிக்கொண்டாள். மறுநாள் அந்தப் பொய்யையே தப்பாகச் சொன்னாள். அன்றைக்குத் தட்டின தட்டில் மேசைக்கால் ஆடியது.

இதெல்லாம் ரேடியோவுக்குப் பெருமைதான். ஆனால் மாலையில் சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கிற அந்த இரண்டு அறை வீட்டுக்குள் கால் வைத்ததும், அண்ணி வேறு ஆளாகிவிடுவாள்.

"யாரு குழாயை ஒழுங்கா மூடாம போனது?"

"யாரு சீப்பை இங்க வெச்சது?"

"பால் பொங்கி அடுப்பெல்லாம் கெடக்கே, யாரு?"

வீட்டில் இருப்பதே மூன்று பேர். கேட்கிறவளைத் தள்ளினால் மிச்சம் இரண்டு. அண்ணன் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். 'ஊருக்குத்தான் உபதேசம்' என்று ரேடியோ மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். ஆணியில் தொங்குகிற விசில் சாயங்காலமானால் இவர்கள் பின்னாலேயே நடந்து வந்துவிடுகிறதோ என்று தோன்றும். ஒருமுறை கண்ணாடி ஜாடியைக் கைதவறி உடைத்துவிட்டாள். அண்ணிக்குப் பிடித்த ஜாடி. துண்டுகளைப் பழைய தாளில் சுற்றி, அழுக்குத் துணிப் பைக்கு நடுவில் வைத்து, சலவைக்கூடத்துக் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள். ஜாடி எங்கே என்று அண்ணி இரண்டு நாள் தேடினாள்.

அண்ணன் விரல் விஷயம் ரேடியோவுக்குத் தெரிய வந்தது ஒரு டீயால். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கொதிக்கிற டீ கிளாஸை விளிம்பில் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்திருந்தார். விரல் சிவந்து போயிருந்தது.

"அண்ணா, சுடலையா உனக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். அப்புறம்தான் கிளாஸைக் கீழே வைத்தார்.

"கொஞ்ச மாசமா இந்த மூணு வெரலும் மரத்துக் கெடக்கு. வரும், போகும்."

"போகுதா? எனக்கென்னவோ வந்து குடியேறின மாதிரி தெரியுது. டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தா என்ன சொல்லுவான்? மெஷின்கிட்ட போகாதம்பான்."

"அண்ணிகிட்டயாவது சொல்லு."

"சும்மா இருடி. அவ இப்போ சூப்பர்வைசர். தெரிஞ்சா எறக்கித்தான் ஆகணும். அந்த மெஷினை விட்டா நான் யாரு? மூட்டை தூக்கறவன். பொண்டாட்டி மேசையில நிப்பா, நான் அவ முன்னாடி மூட்டை தூக்கிட்டுப் போகணுமா?" மரத்த விரல்களை மடக்கிக்கொண்டு, "நீ யார்கிட்டயும் வாயைத் தொறக்கக் கூடாது. என் மேல ஆணை" என்றார்.

ரேடியோவிடம் போய் வாயைத் திறக்காதே என்றால்! ஆனால் அண்ணன். அப்பா போன பிறகு தன் தலையில் சுமந்து அவளை வளர்த்தவர். மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து விரிப்பை ஒரு கண்ணும், சிவப்புக் கைப்பிடியில் இருக்கிற அவர் கையை ஒரு கண்ணும் பார்த்துக்கொண்டு வேலை செய்தாள். பேச நேரமில்லை. "ரேடியோவுக்கு பேட்டரி தீந்துபோச்சா?" என்று ஒட்டகம் கேட்டாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி வைத்தாள்.  கைப்பிடியை அவர் இழுக்கத் தவறினால் உள்ளே போகப் போவது தன் கைதான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தினமும் காலையில் மேசையைச் சுற்றி நிற்கும்போது நாக்கு நுனி வரைக்கும் வரும். எதிரே அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். விழுங்கிக்கொள்வாள்.

நடக்க வேண்டியது ஒரு மழைநாளில் நடந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகள் சரியாகக் காயாமல் வந்தன. கனம் அதிகம். ஒட்டகம் தன் முனையை விட்டுவிட்டு அடுத்த விரிப்பை எடுக்கத் திரும்பினாள். ரேடியோவின் முனை சுருண்டு, அவள் சட்டைக் கையைச் சேர்த்துச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"அண்ணா!"

அண்ணன் பார்த்தார். கைப்பிடியை இழுத்தார். இழுத்ததாக நினைத்தார். விரல்கள் வழுக்கிவிட்டன, அது அவருக்குத் தெரியவில்லை. முகத்தில் 'நிறுத்திவிட்டேனே' என்ற நிம்மதி வேறு. ரேடியோ அந்த முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்க நேரமில்லை. காலை மெஷினில் ஊன்றி, உடம்பை முழுசாகப் பின்னால் சாய்த்தாள். சட்டைக் கை முழங்கையோடு கிழிந்து உள்ளே போயிற்று. முன்கை உருளையில் ஒரு நொடி அப்பிவிட்டு வந்தது.

ஒட்டகம் திரும்புவதற்குள் ரேடியோ ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டாள். மறுபக்கம் விரிப்போடு தேய்க்கப்பட்டு வந்த சட்டைத் துண்டை அண்ணன் எடுத்து மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.   அடுத்த விரிப்பு வந்தது, கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணி கண்ணில் அந்தக் கட்டு படாமல் இருக்குமா?

"என்னது கையில?"

"சட்டி சுட்டுருச்சு அண்ணி. காலையில. சொல்ல மறந்துட்டேன்."

"காலையிலயா? காட்டு."

அண்ணி கட்டைப் பிரித்தாள். விளக்கடியில் இழுத்து வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவி மருந்து தடவினாள். கை மெதுவாகத்தான் வேலை செய்தது, வாய்தான் விடவில்லை.

"கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு? பொறுப்பு வேண்டாம்? எத்தனை தடவை சொல்றது? யாரு அடுப்பைக் கொறைக்காம வெச்சது? நீயா, உங்க அண்ணனா?"

அண்ணன் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்திருந்தார். தாள் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். அண்ணி முதலில் சொன்னாள். "நேத்து சின்னத் துண்டையும் பெரிய துண்டையும் ஒரே வண்டியில ஏத்திட்டேன்." தட்டினார்கள். "வேற யாராவது?" என்றாள்.  கொதிகலன்காரர் கிளம்பத் திரும்பினார்.

"நான்" என்றார் அண்ணன்.

அவர் அந்த மேசையில் அதுவரை ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை. பாக்கெட்டில் இருந்து சட்டைத் துண்டை எடுத்து மேசை மேல் வைத்தார். மொடமொடப்பாக, கஞ்சி போட்ட மாதிரி விறைத்திருந்தது.

"இது என் தங்கச்சி சட்டை. நேத்து அவ கை உள்ள போயிருக்கும். நான் கைப்பிடியை இழுத்தேன்னு நெனச்சேன். இழுக்கல. இந்த மூணு வெரல்லயும் உணர்ச்சியே இல்ல, பல மாசமா. அவளுக்குத் தெரியும். நான்தான் ஆணை போட்டு வாயை அடைச்சேன்." விரல்களை விரித்துக் காட்டினார். "ராத்திரி முழுக்க அவ மொகந்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. நான் இனிமே அந்த மெஷின்ல நிக்கக் கூடாது."

ரேடியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் முகத்தில் ஒன்றுமே இல்லை, வெள்ளை விரிப்பு மாதிரி இருந்தது. 'யாரு' என்று கேட்டுவிடுவாளோ, அந்த வீட்டுக்குரல் இங்கே வந்துவிடுமோ என்று ரேடியோ பயந்தாள். வரவில்லை.

"சரி" என்றாள் அண்ணி. "என்ன பண்ணலாம்?"

முதலில் கொதிகலன்காரர் தட்டினார். பிறகு எல்லாரும். அண்ணியும் தட்டினாள், கொஞ்சம் தாமதமாக.

"உருளை வாய்க்கு முன்னாடி ஒரு காவல் கம்பி இருந்துச்சு" என்றார் கொதிகலன்காரர். "கை பட்டா மெஷின் தானா நிக்கும். சும்மா சும்மா நின்னு வேலை கெடுதுன்னு விசில் கழட்டச் சொன்னாரு. கழட்டினது நான்தான். பின்னாடி அறையில கெடக்கு. இத்தனை நாள் வாயைத் தொறக்கல." அதற்கும் ஒரு தட்டு விழுந்தது. கம்பியை மாட்டாமல் மெஷின் ஓடாது என்று அண்ணி சொன்னாள். கைப்பிடிக்கு ஒட்டகம் என்று முடிவாயிற்று. அண்ணன் டாக்டரிடம் போனார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, சரியாகலாம், சொல்ல முடியாது, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். மத்தியானம் திரும்பி வந்து, யாரும் சொல்லாமலே மூட்டை இறக்கப் போனார். பாரத்தை இடது தோளில் வாங்கிக்கொண்டு மடிப்பு மேசையைக் கடந்து போகும்போது அவர் தலை குனியவில்லை. அண்ணிதான் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அது வெடித்தது.

"ஊரே கேட்ட பொறவுதான் எனக்குத் தெரியணுமா? பக்கத்துல படுத்துக் கெடக்கறவ நான். கொதிகலன்காரரும் நானும் ஒரே நேரத்துல கேட்டுக்கறோம்! எனக்கு எப்படி இருக்கும்?"

அண்ணன் சட்டையைக் கழற்றி மாட்டினார். "அங்க சொல்ல முடிஞ்சுது" என்றார்.

"இங்க?"

"முடியல."

"ஏன் முடியல? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

பதிலை ரேடியோ சொன்னாள். அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"இங்க நீங்க யாருன்னு கேப்பீங்க அண்ணி. அங்க என்ன ஆச்சுன்னு கேக்கறீங்க, இங்க யாரு, யாரு, யாரு. குழாய்க்கு யாரு, சீப்புக்கு யாரு. உங்க கண்ணாடி ஜாடியை ஒடைச்சது நான்தான். சலவைக்கூடத்துக் குப்பையில கொண்டுபோய்ப் போட்டேன். வீட்டுல போட பயம். அங்க இருக்கற அண்ணிகிட்ட அண்ணா எப்பவோ சொல்லியிருப்பாரு. இங்க இருக்கற அண்ணிகிட்டதான் சொல்ல முடியல."

 அண்ணி சாப்பாட்டு மேசையின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சமைத்து வைத்த சோறு மூடி போட்டுக் கிடந்தது. கீழே சைக்கிள் கடைக்காரர் ஏதோ சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து பண்ண தப்பை நான் மொதல்ல சொல்லணும்" என்றாள். "அதான் என் சட்டம். காலையில துண்டுக் கதை சொன்னேன்."

அவர்கள் இருவரும் நின்றுகொண்டே கேட்டார்கள்.

"சட்டி சுட்டா வளைஞ்சு படும். உன் கையில பட்டது நேர்க்கோடு. இத்தனை வருஷம் அங்க இருக்கேன், உருளைச் சூடு எனக்குத் தெரியாதா? கட்டைப் பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. அது எப்படி உள்ள போச்சு, மெஷின் ஏன் நிக்கலைன்னு அடுத்த கேள்வி வரும். கேட்டா இவரை எறக்கணும். கேக்கல. அடுப்பு, பொறுப்புன்னு கத்தினேன். தெரிஞ்சுதான் கத்தினேன்."  "இன்னைக்கு இவரு சொல்லாம இருந்திருந்தா, அதே மெஷினுக்கு உன்னை அனுப்பியிருப்பேன்."

ரேடியோவுக்குக் கையின் புண் அப்போதுதான் புதிதாக எரிகிற மாதிரி இருந்தது. விளக்கடியில் அண்ணி அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. இதமாக மருந்து தடவிய விரல்களும் ஞாபகம் வந்தன. இரண்டும் ஒரே ஆளின் கைதான்.

அண்ணன் மெல்ல வந்து உட்கார்ந்தார். மரத்த கையால் மேசையை ஒருமுறை தட்டினார்.

அண்ணி ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ நின்றாள். வாய் ஓயாதவள், ஒரு சொல்லும் வராமல் நின்றாள். கீழே சக்கரம் தட்டுகிற சத்தமும் ஓய்ந்துவிட்டது.

"மன்னிச்சாச்சுன்னு அர்த்தம் இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க அண்ணி?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"காதுல விழுந்துச்சுன்னுதான அர்த்தம்?"

"அவ்வளவுதான்."

ரேடியோ இடது கையால் மேசையைத் தட்டினாள், ஒரே ஒருமுறை. பிறகு தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள்.